கண்டெய்னர் வாடகைக்கு எடுக்கும் முன்: சேலம் வியாபாரிகள் கேட்கும் கேள்விகள்

சீசன் சரக்கில் குடோன் நிறைந்துவிடும். கடையை இடித்துக் கட்டும்போது ஸ்டாக் வைக்க இடம் இருக்காது. அப்போதுதான் பலருக்குக் கண்டெய்னர் நினைவு வருகிறது. செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் இருந்து ஆத்தூர் ரோட்டு சேகோ ஆலை வரை கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால் இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். வாடகை எவ்வளவு என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: உங்கள் சரக்கு சூட்டையும் ஈரத்தையும் தாங்குமா? பெட்டி நிற்கப்போகும் தரை கனத்தைத் தாங்குமா? இந்தப் பக்கத்தில் பெரிய பங்கு இந்த இரண்டைப் பற்றியதுதான்.

கப்பல்ல வர்ற அதே பெட்டிதானுங்களா? என்ன சைஸ் கிடைக்கும்?

அதேதான். துரு எளிதில் அரிக்காத எஃகுத் தகடு, எட்டு மூலையிலும் தூக்குவதற்கான வார்ப்பு, தரைக்கு 28 மி.மீ. கனமுள்ள பிளைவுட். கடல் ஓட்டத்தை முடித்துவிட்டுச் சென்னை, தூத்துக்குடி, கொச்சி யார்டுகளில் விற்கப்படும் பெட்டிகள்தான் வாடகைக்கு வருகின்றன.

20 அடிப் பெட்டியின் உள் அளவு நீளம் 5.9 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39. தரைப் பரப்பு ஏறக்குறைய 150 சதுர அடி, கொள்ளளவு 33 கன மீட்டர். 40 அடிப் பெட்டியில் நீளம் 12 மீட்டர், தரை சுமார் 300 சதுர அடி. ‘ஹைகியூப்’ என்பது ஒரு அடி உயரம் கூடிய பெட்டி. கதவின் உயரம் உள் உயரத்தைவிடக் குறைவு, 2.28 மீட்டர்தான். உயரமான மெஷினை உள்ளே விட நினைப்பவர்கள் கதவை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

20 அடியில எத்தனை மூட்டை பிடிக்கும்?

கதவில் ஒரு தகடு அடித்திருக்கும். மொத்த எடை, காலிப் பெட்டியின் எடை இரண்டும் அதில் இருக்கும். கழித்தால் சரக்கு எடை. 20 அடிப் பெட்டி காலியாகவே 2.2 டன்னுக்கு மேல் வரும். ஏற்றுமதியில் 60 கிலோ காபி மூட்டை 320 வரை அடுக்குகிறார்கள், அதாவது 19 டன். 90 கிலோ ஜவ்வரிசி மூட்டை 200 என்றாலே 18 டன் ஆகிவிடும்.

ஆனால் அது ஒரே முறை ஏற்றி, ஒரே முறை இறக்கும் கணக்கு. தினமும் நாலு மூட்டை எடுக்கப் போகிறீர்கள் என்றால் நடுவில் இரண்டடி வழி விட வேண்டும், மேலே ஒரு அடி காலி விட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இடம் அதிலேயே போகும். பழைய சரக்கு பின்னால் சிக்கிப் புதுச் சரக்கு முன்னால் விற்கும் தொல்லைக்கும் வழி விடாததுதான் காரணம்.

எங்க சரக்கை வைக்கலாமுங்களா? கெட்டுப் போகாதா?

மழையையும் திருட்டையும் கண்டெய்னர் தடுக்கும். சூட்டையும் காற்றில் உள்ள ஈரத்தையும் தடுக்காது. இதை வைத்தே பெரும்பாலான சரக்குக்குப் பதில் சொல்லிவிடலாம்.

ஜவ்வரிசி, ஸ்டார்ச்: நன்றாகக் காய்ந்திருந்தால் வைக்கலாம். ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் கட்டி தட்டும், புளிப்பு வாடை ஏறும். கண்டெய்னரின் மரத்தரைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவுத் தகட்டில் அந்த விவரமும் இருக்கும். அதனால் உணவுப் பொருள் எதுவானாலும் தரையில் பாலித்தீன் விரித்து, அதன்மேல் பேலட் (மூட்டை தரையைத் தொடாமல் தாங்கும் சட்டப்பலகை) போட்டுத்தான் அடுக்க வேண்டும்.

வெல்லம்: மார்ச் முதல் ஜூன் வரை வேண்டாம். இளகிப் பாகாகி, மூட்டையோடு ஒட்டிக்கொள்ளும். தை, மாசியில் சில வாரங்களுக்கு மட்டும் யோசிக்கலாம்.

இளம்பிள்ளை சேலை, துணி பேல்: தாராளமாக வைக்கலாம். இருட்டில் சாயம் வெளுக்காது. பயப்பட வேண்டியது பூஞ்சைக்கும் வெள்ளிமீன் பூச்சிக்கும். ஜரிகை ஈரத்தில் மங்கும், அந்தச் சேலைகளைக் கவரில் போட்டு அட்டைப்பெட்டியில் வையுங்கள்.

இரும்பு, லேத் சாமான், ஸ்பேர் பார்ட்ஸ்: எண்ணெய் பூசி, துருத்தடுப்புத் தாளில் சுற்றி வையுங்கள். அடுத்த பதிலில் சொல்லும் சொட்டு நீர்தான் இவற்றுக்கு எதிரி.

வெள்ளிக் கொலுசு, வெள்ளிக் கட்டி: வைக்கவே கூடாது. பெட்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்த மதிப்புக்கு அது லாக்கர் ஆகாது, இன்சூரன்ஸும் கிடைக்காது. பட்டறை மாற்றும்போது அச்சு, மேசை, பேக்கிங் டப்பா வைப்பதற்குப் பயன்படுத்தலாம்.

மழையே இல்லை, ஆனா உள்ளே மேலேருந்து தண்ணி சொட்டுது. ஓட்டைங்களா?

பெரும்பாலும் ஓட்டை இல்லை. பகல் சூட்டில் மூட்டை, மரப் பேலட், சாக்கு எல்லாவற்றிலும் இருக்கும் ஈரம் ஆவியாகிறது. இரவில் கூரைத் தகடு சீக்கிரம் குளிர்ந்துவிடும், அந்த ஆவி அதன் அடியில் நீராகப் படிந்து சொட்டும். மழை ஓய்ந்த மறுநாளும் பனிக்காலத்து இரவுகளிலும் இது அதிகம். பக்கத்தில் இருக்கும் சிறு காற்றுத் துளைகள் உள்ளிருக்கும் காற்றை மாற்றப் போதாது.

ஈரம் உள்ளே போவதைத் தடுப்பதுதான் மருந்து. மழையில் லோடு ஏற்றாதீர்கள். பச்சை மரப் பேலட் வேண்டாம், நனைந்த சாக்கு ஒன்றுகூட வேண்டாம். கால்சியம் குளோரைடு ஈரமுறிஞ்சிப் பைகளைச் சுவர் ஓரமாகத் தொங்கவிடுங்கள். அதில் சேரும் உப்புத் தண்ணீர் சரக்கில் வழியாத இடமாகப் பாருங்கள், நிறைந்ததும் மாற்றுங்கள். அடுக்கின் மேல் தடித்த அட்டையோ காகிதமோ போடலாம். முழு அடுக்கையும் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே சிக்கி நிலைமை மோசமாகும்.

சித்திரை வெயில்ல உள்ளே எவ்வளவு சூடு இருக்கும்?

வெளியே 39, 40 டிகிரி அடிக்கும் நாளில், நிழலில்லாத பெட்டிக்குள் 50-ஐத் தாண்டும். கூரையை ஒட்டிய மேல் அடுக்குக்கு இன்னும் கூடுதல். பசை, மெழுகு, சோப்பு, சாக்லேட், மருந்து, பிளாஸ்டிக் மோல்டிங், அழுத்தக் குப்பிகள் இதில் தாக்குப்பிடிக்காது.

கூரைக்கு மேலே ஒரு அடி இடைவெளி விட்டு நிழல்வலை கட்டுவது செலவு குறைவு, பலன் அதிகம். வலை தகட்டைத் தொட்டால் பாதிப் பலன் போய்விடும். சூட்டைத் திருப்பும் வெள்ளை பெயிண்ட் அடிக்க உரிமையாளரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். கதவு கிழக்கையோ மேற்கையோ பார்க்கும்படி வைத்தால் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். மாலை வெயில் நீண்ட சுவரில் விழாது.

அப்போ ஏசி கண்டெய்னர் எடுத்துடலாமா? மாம்பழ சீசனுக்கு வேணும்.

‘ரீஃபர்’ பெட்டி தனி வகை. மூன்று ஃபேஸ் இணைப்பு, 32 ஆம்ப் தொழில்துறை பிளக், பக்கத்தில் ஜெனரேட்டர் இவை இல்லாமல் எடுத்துப் பயனில்லை. குளிரூட்டும் நேரத்தில் சுமார் 10 கிலோவாட் வரை இழுக்கும். உங்கள் மின்இணைப்பில் அவ்வளவு சுமை இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேளுங்கள். சுவர் தடிப்பு என்பதால் உள் இடமும் குறைவு.

குளிர்ந்த சரக்கைக் குளிர்ச்சியாக வைத்திருக்கச் செய்யப்பட்ட பெட்டி இது. தோப்பிலிருந்து வந்த சூடான பழத்தை ஒரேயடியாக நிரப்பினால் நடுவில் உள்ள கூடைகள் நாள் கணக்கில் சூடாகவே இருக்கும். மாம்பழத்தை 12, 13 டிகிரிக்குக் கீழே இறக்கினால் தோல் கறுத்து, சரியாகப் பழுக்காமல் கெடும். அந்த நஷ்டத்துக்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

எங்க காலி இடத்துல அப்படியே இறக்கிடலாமுங்களா?

கூடாது. கண்டெய்னரின் கனம் தரை முழுவதும் பரவுவதில்லை, நான்கு மூலைகளில்தான் இறங்குகிறது. சரக்கோடு 22 டன் என்றால் மூலைக்கு ஐந்தரை டன். ஒரு சதுர அடிக் கல்லை வைத்தால் அந்த ஐந்தரை டன்னும் ஒரே சதுர அடி மண்ணில் விழும். இரண்டுக்கு இரண்டு அடி கான்கிரீட் திண்டு வைத்தால் சதுர அடிக்கு 1.4 டன்னாகக் குறையும். செம்மண், சுக்கான் தரைக்கு அது பெரும்பாலும் போதும். கரிசல் என்றால் மேல்மண்ணை எடுத்துவிட்டு, கிராவல் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்திய பிறகுதான் திண்டு. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண் அது.

ஒரு மூலை ஒரு அங்குலம் இறங்கினாலும் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு திறக்காது. கதவு இறுகிவிட்டது என்று வரும் புகார்களில் கீலைத் தட்டுவதற்கு முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் தரையில்தான் இருக்கும்.

தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்தி வையுங்கள். அடியில் காற்று ஓடினால் பிளைவுட் உளுத்துப் போகாது. சேலத்துக்கு ஆவணியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. திருமணிமுத்தாறு ஓரத்துப் பள்ளங்களிலும், ஓடைத் தண்ணீர் பாயும் காலி மனைகளிலும் வைக்கவே வேண்டாம்.

வண்டி வந்து இறக்க எவ்வளவு இடம் வேணும்?

40 அடி டிரெய்லர் 15 மீட்டருக்கு மேல் நீளம். நேராக நிற்கவும் இடம் வேண்டும், திரும்பவும் வேண்டும். லீ பஜார் மாதிரி நெருக்கமான தெருக்களில் 20 அடிப் பெட்டியைக்கூட இரவில்தான் கொண்டுவர முடியும். வண்டியோடு சேர்த்து உயரம் 4 மீட்டரைத் தாண்டும், ஹைகியூப் என்றால் இன்னும் ஒரு அடி. வரும் வழியில் உள்ள கேபிள், கேட் வளைவு, மரக்கிளை, ரயில்வே பாலம் எல்லாவற்றையும் ஒருமுறை நடந்தோ பைக்கிலோ பார்த்து அளந்துவிடுங்கள்.

இறக்க ஹைட்ரா கிரேன் வரும். பெட்டியும் கிரேனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் குறைந்தது 10 மீட்டர் அகலம் வேண்டும். மேலே மின்கம்பி இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் கிரேனின் கையைத் தூக்க விடக்கூடாது. கம்பியைத் தொடாவிட்டாலும், நெருங்கினாலே உயர் அழுத்த மின்சாரம் தாவும். இதில் அவசரம் காட்ட எந்தக் காரணமும் போதாது.

கதவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை வண்டி யார்டைவிட்டுக் கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள். இறக்கிய பின் திருப்பினால் இன்னொரு கிரேன் வாடகை.

ஏற்காட்டுக்கு ஏத்திக் குடுப்பாங்களா? எஸ்டேட்ல காபி வைக்கணும்.

40 அடி முடியாது. அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நீள டிரெய்லர் அதில் திரும்பாது. 20 அடிப் பெட்டியை டிரெய்லரில் வைக்காமல் சிறிய லாரியில் வைத்து ஏற்ற வேண்டும். எஸ்டேட் உள்பாதையில் அதுவும் திரும்புமா என்பது தனிக் கேள்வி. 10 அடிப் பெட்டி கிடைத்தால் அதுவே நடைமுறைக்கு ஒத்துவரும். பெட்டி வைக்க மண் வெட்டிச் சமன்படுத்தவோ மரம் எடுக்கவோ மலைப்பகுதியில் முன் அனுமதி வேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

அதையும் தாண்டி ஒரு விஷயம். மலையில் மூடுபனி மாதக்கணக்கில் நிற்கும். 10, 11 சதவீதத்துக்குக் காயவைத்த காபி, அந்தக் காற்றில் மறுபடி ஈரம் இழுத்து வெளுக்கும், பூஞ்சை பிடிக்கும். மிளகுக்கும் இதேதான். பெட்டியில் முன்பு வைத்திருந்த பொருளின் வாடையையும் காபி பிடித்துக்கொள்ளும். மார்கழி, தை அறுவடையைக் களத்தில் காயவைத்து உடனே அடிவாரத்துக்கு இறக்கி, கோரிமேடு பக்கம் பெட்டி எடுத்து, கோடை தொடங்கும் முன் விற்றுவிடுவது எங்கள் சிபாரிசு. மலைமேல் பெட்டி உரம், கருவி, குழாய் வைப்பதற்குச் சரி.

பெட்டி வந்ததும் என்னென்ன பார்த்து வாங்கணும்?

பட்டப்பகலில் உள்ளே போய், வெளியே ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு இரு கதவையும் சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அது தண்ணீர் வரும் வழிதான். கூரை மூலைகள், அடிப்பட்டை, கதவு ரப்பர் மூன்றையும் கவனியுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். சிலிகான் பூசித் தருவது ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

மூடிய பெட்டிக்குள் மூச்சை இழுத்துப் பாருங்கள். டீசல், தோல், ரசாயன வாடை இருந்தால் உணவுக்கும் துணிக்கும் அந்தப் பெட்டி ஆகாது. தரை தொய்கிறதா என்று நடந்து பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு எழுத்து, ஏழு இலக்க எண்ணையும் ஒவ்வொரு நசுங்கலையும் தேதியோடு போட்டோ எடுத்து, அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். திருப்பும் நாளில் இது கை கொடுக்கும்.

மாச வாடகை கம்மியாத்தான் சொன்னாங்க. பில்லு ஏன் இவ்வளவு வருது?

போகவர லாரி, இரு முனையிலும் கிரேன், முன்பணம், ஜிஎஸ்டி எல்லாம் வாடகைக்கு வெளியே. கணக்கு புரிவதற்கு மட்டும் ஒரு எடுத்துக்காட்டு, சந்தை விலை அல்ல: வாடகை மாதம் 8,000, லாரி ஒருவழி 18,000, கிரேன் ஒருமுறை 4,000 என்று வைப்போம். போகவர 44,000. மூன்று மாதம் வைத்தால் மொத்தம் 68,000, அதாவது மாதத்துக்கு 22,600-க்கு மேல். ஒரு வருடம் வைத்தால் மொத்தம் 1,40,000, மாதத்துக்கு 11,700-க்கும் கீழ். பெட்டி நிற்கும் யார்டு சேலத்துக்கு எவ்வளவு பக்கம் என்பதை வாடகையைவிட முக்கியமாகப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்கட்டும்: குறைந்தபட்ச மாதங்கள், வாடகை தொடங்கும் தேதி யார்டைவிட்டுக் கிளம்பியதா உங்கள் இடத்தில் இறக்கியதா, திருப்ப எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், நீங்கள் சொன்ன பிறகும் வண்டி வரவில்லையென்றால் அந்த நாட்களுக்கு வாடகை யார் தலையில். தகராறு கிளம்புவது பெரும்பாலும் கடைசி இரண்டில்தான்.

பூட்டு எப்படி போடறது? உள்ளே யாராச்சும் மாட்டிக்கிட்டா?

கம்பி நுழைக்க முடியாத பூட்டுப்பெட்டி பற்றவைத்த கண்டெய்னராகக் கேளுங்கள். சாதாரணத் தொங்குபூட்டைக் கட்டரால் நொடியில் வெட்டிவிடுவார்கள். சுவருக்கு எதிராகக் கதவை வைக்க நினைத்தால், ஒவ்வொரு கதவும் திறக்க 1.2 மீட்டர் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. ஆள் உள்ளே வேலை செய்யும்போது பூட்டைக் கதவில் திறந்தபடி தொங்கவிடாமல், கதவு திறந்த நிலையிலேயே பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். லோடுமேன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்ல வேண்டும். மூடிய பெட்டியின் சூடு என்ன என்று மேலே பார்த்தீர்கள், அதில் ஓர் ஆள் அரை மணி நேரம்கூட இருக்கக் கூடாது.

உள்ளே ஒரு லைட்டு, ஃபேன் போட்டுக்கலாமா?

சார்ஜ் செய்யும் விளக்கு போதும் என்றால் அதோடு நிறுத்துங்கள். ஒயர் இழுத்தே ஆக வேண்டும் என்றால் பெட்டிக்குத் தனி எர்த் அடித்து, 30 மில்லிஆம்ப் கசிவுக்கு அணையும் பிரேக்கர் வைத்த பிறகே இழுக்க வேண்டும். பெட்டி முழுவதும் இரும்பு; ஒரு ஒயர் உரசினால் தொடும் ஒவ்வொரு கையும் ஷாக் வாங்கும். சுவரில் துளை போட உரிமையாளர் சம்மதம் வேண்டும்.

ஜிஎஸ்டி, ஃபுட் லைசென்ஸ் எல்லாம் இதுக்கும் வேணுமா? தற்காலிகம்தானே.

தற்காலிகம் என்பதற்கு விலக்கு இல்லை. உங்கள் பதிவு முகவரிக்கு வெளியே சரக்கு வைத்தால் அது கூடுதல் வணிக இடம். 15 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவில் சேர்க்க வேண்டும். இட உரிமையாளரின் ஒப்புதல் கடிதமும் மின்கட்டண ரசீதோ வரி ரசீதோ தேவைப்படும். கடையிலிருந்து பெட்டிக்கு அனுப்பும்போது விற்பனை இல்லாவிட்டாலும் டெலிவரி சலான் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும்.

உணவுப் பொருள் என்றால் சேமிக்கும் இடமும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் வர வேண்டும். பூச்சிக்குப் புகை போடுவதை உரிமம் பெற்றவர்களிடம் மட்டுமே விடுங்கள். பாஸ்பைன் வாயு பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொல்லும்.

கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கு. அதுவே போதாதுங்களா?

தீ பாலிசி அதில் எழுதியுள்ள முகவரிக்குத்தான் செல்லும். கண்டெய்னர் நிற்கும் இடத்தை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது பல இடங்களுக்கு ஒரே தொகையான ஃப்ளோட்டர் பாலிசிக்கு மாறுங்கள். புயல், வெள்ளம் அதில் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். திருட்டுக்குத் தனி பாலிசி. சொட்டு நீரால் வந்த பூஞ்சைக்கும் துருவுக்கும் பெரும்பாலும் பணம் வராது. மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள்: 20 லட்சம் சரக்குக்கு 10 லட்சம் மட்டும் எடுத்திருந்து 4 லட்சம் நஷ்டமானால் 2 லட்சம்தான் கிடைக்கும்.

பலர் மறப்பது வங்கியை. சரக்கின் மேல் கேஷ் கிரெடிட் வாங்கியிருந்தால் அந்தச் சரக்கு வங்கிக்கு அடமானம். இடம் மாற்றுவதை முன்கூட்டியே கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். ஆய்வுக்கு வருபவர் குடோனில் ஸ்டாக் இல்லை என்று எழுதிவிட்டால் லிமிட்டே ஆட்டம் காணும்.

ஒருத்தர் பாதி வாடகைக்கு தர்றேங்கறாரு. எடுத்துக்கலாமா?

பெட்டியின் காகிதங்களைக் கேளுங்கள். வெளிநாட்டுச் சரக்கோடு வரும் கண்டெய்னர், ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போய்விடும் என்ற நிபந்தனையில்தான் சுங்கவரி இல்லாமல் உள்ளே விடப்படுகிறது. உள்நாட்டிலேயே தங்குவதற்கு வரி கட்டியிருக்க வேண்டும். வரி கட்டிய ரசீதும், அதில் பெட்டியின் எண்ணும் இல்லையென்றால், பெட்டியோடு உங்கள் சரக்கும் சிக்கலில் மாட்டும். எண்ணைச் சுரண்டி பெயிண்ட் அடித்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு ஒரு மாசம் பட்டாசு வச்சுக்கலாமா? தின்னர், கேஸ் சிலிண்டர்?

கூடாது. வெடிபொருளுக்கு உரிமம் பெற்ற கிடங்குதான் வேண்டும், வாடகைக் கண்டெய்னர் அதற்கு ஈடாகாது. தின்னர், பெட்ரோல், சிலிண்டர், பழைய லித்தியம் பேட்டரி எதுவும் 50 டிகிரிப் பெட்டிக்குள் போகக் கூடாது.

சரக்கோடவே வேற இடத்துக்கு மாத்தலாமா?

உள்ளூர் ஹைட்ராவை வைத்து முடியாது. காலிப் பெட்டியைத் தூக்கும் கிரேன், 20 டன் பெட்டியைத் தூக்கும்போது முன்னால் கவிழும். அதற்கேற்ற கிரேனும் டிரெய்லரும் வரவழைக்கும் செலவைவிட, சரக்கை இறக்கி ஏற்றும் கூலி பெரும்பாலும் குறைவு. மாற்ற வேண்டி வரும் என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே இரண்டு சிறு பெட்டிகளாக எடுங்கள்.

திருப்பிக் குடுக்கும்போது அட்வான்ஸ்ல பிடிக்காம இருக்க என்ன பண்ணணும்?

ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்கு முன்பே வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ தெரிவியுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. பெட்டியைக் கூட்டி, ஒட்டிய லேபிள், அடித்த ஆணி எல்லாம் எடுத்துவிடுங்கள். தரையில் எண்ணெய் கொட்டியிருந்தால் மரத்தூள் போட்டு ஊற வைத்துத் துடையுங்கள். கழுவினால் முழுக்கக் காய்ந்த பிறகே கதவைச் சாத்துங்கள்.

வந்த நாளில் எடுத்த அதே கோணங்களில் மறுபடி போட்டோ எடுங்கள். கிரேன் தூக்கும்போது வரும் நசுங்கல் உங்கள் பொறுப்பில்லை என்பதால், தூக்குவதற்கு முன் பெட்டி எப்படி இருக்கிறது என்று எழுதிய நிலைமைச் சீட்டில் டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, பெட்டி எண்ணோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வந்ததும், ஜிஎஸ்டி பதிவில் சேர்த்த கூடுதல் இடத்தையும், பாலிசியில் சேர்த்த முகவரியையும் நீக்கச் சொல்லி ஆடிட்டருக்கும் ஏஜென்ட்டுக்கும் எழுதிவிடுங்கள்.